எழுபத்து மூன்று பாதிப் படங்கள்

முதலில் ஒரு விடுகதை. வைத்த இடத்தில் இருக்காது. அழித்த இடத்தில் இருக்கும். அது என்ன?

யோசியுங்கள், அவசரமில்லை. இதற்கு விடை சொல்லித்தான் நான் இருபது வருடமாகப் பிழைக்கிறேன். பழுதான கம்ப்யூட்டரிலிருந்து காணாமல் போன ஃபைல்களை மீட்டுத் தருவது என் தொழில். முகப்பேரில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் என் அறை. ஒரு நாள் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டு, அது கறுப்புத் திரையில் நான்கு வெள்ளை வரிகளை எழுதிவிட்டு அசையாமல் நிற்க, அதையே பார்த்துக்கொண்டிருந்த அனுபவம் உங்களுக்கு உண்டென்றால், நாம் இருவரும் ஏற்கெனவே சொந்தக்காரர்கள்.

விடை, ஃபைல். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் ஒரு பலகை இருக்கும், எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று. நாம் ஒரு படத்தை அழிக்கும்போது கம்ப்யூட்டர் அந்தப் பலகையிலிருந்து பெயரை மட்டும்தான் எடுக்கிறது. குடும்பம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, விளக்கை அணைத்துவிட்டு, சத்தம் போடாமல். அந்த வீட்டுக்கு வேறொருவர் குடிவரும் வரைக்கும் அப்படியே இருக்கும். அதனால்தான், தேடி எடுக்கும்போது நீங்கள் கேட்டவர்கள் மட்டும் வெளியே வருவதில்லை. உள்ளே இருக்கும் எல்லோரும் வருகிறார்கள்.

நூம்பலிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் வந்த வாரத்தில் நடந்தவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

படுக்கை விரிப்பில் சுற்றியது

செவ்வாய்க்கிழமை காலை, கடை திறந்து பத்து நிமிடம் இருக்கும். பவானி என்ற பெண் படியேறி வந்தாள். இருபத்தெட்டு வயது சொல்லலாம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை, அன்று லீவு போட்டிருந்தாள். நூம்பலிலிருந்து ஆட்டோவில், கம்ப்யூட்டர் பெட்டியைப் பூப்போட்ட படுக்கை விரிப்பில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். மேசைமேல் வைக்கச் சொன்னபோதும் உடனே கையை எடுக்கவில்லை.

விஷயம் இதுதான். அவள் கணவர் ரவியின் முதல் மனைவி கலை. ஆறு வருடம் முன்பு காய்ச்சலில் இறந்துவிட்டாள். அப்போது மகள் மதுவுக்கு மூன்று வயது. கலையின் படங்கள் எல்லாம் இந்த ஒரு கம்ப்யூட்டரில்தான். படம் எடுத்த போன் எப்போதோ தண்ணீரில் விழுந்து போயிற்று. வீட்டுச் சுவரில் மாலை போட்டிருப்பது வாக்காளர் அட்டையிலிருந்து பெரிதாக்கிய படம். பயந்த முகம். மது அதைக் 'கார்டு அம்மா' என்றுதான் சொல்வாளாம்.

போன மாதம் கம்ப்யூட்டர் தானாகவே அணைந்து அணைந்து எரிய ஆரம்பித்திருக்கிறது. பக்கத்துத் தெருவில் ரிப்பேர் பார்க்கும் ஒருவர் வந்து, "முக்கியமானதெல்லாம் டி டிரைவ்லதானே இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். ஆமாம் என்று இவர்களும் சொல்லியிருக்கிறார்கள், அது என்னவென்று தெரியாமலே. அவர் டிஸ்க்கின் அந்த ஒரு பகுதியை மட்டும் விட்டு மற்ற எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புது விண்டோஸ் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கலையின் படங்கள் டி டிரைவில் இல்லை. கம்ப்யூட்டரைப் போட்டதும் தெரியும் முதல் திரையிலேயே, மஞ்சள் ஃபோல்டரில், கைக்கு எட்டும் இடத்தில் இருந்தன. கண்ணெதிரே இருப்பது பத்திரமாக இருக்கும் என்று நீங்களும் நினைக்கிறீர்கள், நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். புது விண்டோஸ் போட்டால் முதலில் போவது அதுதான்.

ரவியின் அக்கா ராணி அன்று மாலையே வந்து, "முன்னால இருந்தவள அழிச்சிட்டா பாரு" என்று மதுவின் காதுபடச் சொல்லியிருக்கிறார். அதிலிருந்து மது பவானியிடம் பேசுவது குறைந்துவிட்டது. சண்டை இல்லை, அழுகை இல்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான்.

நான் ஸ்க்ரூவைக் கழற்ற ஆரம்பித்தபோது பவானி சொன்னாள்: "எல்லாம் திரும்பி வரணும்னு கேக்கலக்கா. நான் அழிக்கலன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுப்பீங்களா? பாப்பா கிட்ட காட்டணும்."

வெறும் நீலம்

எழுதித் தருவதற்கு முன் நான் எல்லோரிடமும் கேட்கும் ஒரு கேள்வி இருக்கிறது. "புது விண்டோஸ் போட்ட பிறகு இதில் வேறு ஏதாவது ஏற்றினீர்களா?" இந்தக் கேள்விக்கு மக்கள் பதில் சொல்லும் விதத்திலேயே பாதி வேலை தெரிந்துவிடும். இல்லை என்று உடனே சொன்னால் நல்லது. யோசித்தால் சந்தேகம். பவானியோ படுக்கை விரிப்பை நான்காக, எட்டாக மடித்துக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் சொன்னாள். அவளுக்கும் ரவிக்கும் நடந்த கல்யாணத்தின் படங்களை ஸ்டுடியோக்காரர் பென்டிரைவில் கொடுத்திருந்தார். இரண்டு வருடமாக அது பீரோவில் கிடந்தது. போன வாரம்தான் எடுத்து, கலையின் ஃபோல்டர் இருந்த அதே இடத்தில், திரையின் இடது மூலையில் வைத்திருக்கிறாள்.

திரையில் எந்த மூலையில் வைத்தாள் என்பது முக்கியமில்லை. உள்ளே எந்த வீட்டில் யார் குடிபோனார்கள் என்பதுதான் முக்கியம். கல்யாணப் படங்கள் பெரிய படங்கள், நிறைய இடம் கேட்பவை. வெறுமையாகத் தெரிந்த வீடுகளுக்கெல்லாம் அவை நேராகப் போயிருக்கும். இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, ஏன் அப்படிச் செய்தாள் என்பதை அவளே சொன்னாள்: "வெறும் நீலமா இருந்திச்சுக்கா. பாப்பா ஸ்கூல் விட்டு வந்ததும் கம்ப்யூட்டரப் போட்டுட்டு, அந்த மூலைய பாத்துக்கினே உக்காந்திருப்பா. ஒண்ணுமே இல்லாத எடத்த ஒரு புள்ள அவ்ளோ நேரம் பாக்கிறத என்னால பாக்க முடியல."

கொக்கி

பழுதான டிஸ்க்கில் நேராகக் கை வைக்கக் கூடாது. முதலில் அதை அப்படியே இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுக்க வேண்டும், பிறகு நகலில்தான் தேட வேண்டும். நூம்பல் டிஸ்க் மெதுவாக ஓடியது. அன்று பகல் முழுவதும் நகல் ஆகிக்கொண்டிருந்தது. இடையில் வேறு வாடிக்கையாளர்கள் வராமலா இருப்பார்கள்?

மதியம் வந்தவர்கள் ஒரு இளம் தம்பதி. இருவரும் ஐ.டி. வேலை, திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊர், இங்கே ஹவுசிங் போர்டு குடியிருப்பில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறார்கள். பரணில் ஒரு பழைய கம்ப்யூட்டர் கிடந்ததாம். வீட்டுக்காரர், "முன்னால குடியிருந்தவங்க விட்டுட்டுப் போனது, வேணும்னா வெச்சுக்கங்க" என்றிருக்கிறார். துடைத்துவிட்டுப் பயன்படுத்தினார்கள். அது திடீரென்று படுத்துவிட, தங்கள் சான்றிதழ் ஸ்கேன்களை மீட்டுத் தரச் சொல்லி முந்தின வாரம் கொடுத்திருந்தார்கள். மீட்டதைச் சரிபார்க்க வந்திருந்தார்கள்.

நான் சொன்னேனல்லவா, எல்லோரும் வருவார்கள் என்று. சான்றிதழ்களோடு, அந்த முந்தைய குடும்பத்தின் படங்களும் வந்திருந்தன. வேண்டாம் என்றால் ஒதுக்கிவிடலாம் என்று ஓட்டிக் காட்டினேன். மூன்றாவது படத்தில் அந்தப் பெண், "நிறுத்துங்க" என்றாள். அவர்களுடைய ஹால். அதே ஜன்னல் கம்பி, அதே சிமென்ட் அலமாரி, தரையில் அதே உடைந்த டைல். நடுவில் யாரென்று தெரியாத ஐந்து பேர் உட்கார்ந்து சிரித்துக்கொண்டு நேராக எங்களைப் பார்த்தார்கள். அடுத்த படத்தில் அதே ஹாலின் நடுவே சேலைத் தூளி தொங்கியது. தூளியில் எடை இருப்பது தெரிந்தது. அதற்கு அடுத்த படத்திலும் தூளி இருந்தது. எடை இல்லை. அந்த ஐந்து பேரில் யாரும் சிரிக்கவில்லை.

 அந்தப் பெண் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். படியிறங்கும் முன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "அந்த ஹால்லதான் எங்க கட்டில் கிடக்கு மேடம், அதுக்கு நேர் மேல ஒரு கொக்கி இருக்கு. ஃபேனுக்கும் இல்லாம, லைட்டுக்கும் இல்லாம எதுக்கு இதுன்னு ஒரு வருஷமா கேட்டுட்டு இருந்தோம்."

ஹலோ

புதன்கிழமை ஆவடியிலிருந்து ஒரு பெரியவர். அங்கே ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பென்ஷன் தாள்களை ஸ்கேன் செய்து லேப்டாப்பில் வைத்திருந்தார், லேப்டாப் படுத்துவிட்டது. தாள்கள் வந்துவிட்டன. கூடவே இருநூறுக்கும் மேல் ஒலிப்பதிவுகளும் வந்திருந்தன. அவருடைய பழைய போன், வருகிற அழைப்புகளையெல்லாம் தானாகப் பதிவு செய்யும் வகை. அவர் பிள்ளை ஒருமுறை போனிலிருந்து எல்லாவற்றையும் லேப்டாப்பில் கொட்டி, பிறகு அழித்திருக்கிறான்.

மீட்ட ஒலிப்பதிவு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, ஒவ்வொன்றிலும் முதல் ஐந்து விநாடியைப் போட்டுக் கேட்பது என் வழக்கம். வேறு வழியில்லை. மீண்டு வருகிறவற்றுக்குப் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, போட ஆரம்பித்தேன்.

"ஹலோ, எங்க இருக்கீங்க?" அடுத்தது. "ஹலோ, எங்க இருக்கீங்க?" அடுத்தது. "ஹலோ... கேக்குதா? எங்க இருக்கீங்க?" எல்லாம் ஒரே பெண் குரல். சில நாள் சளி பிடித்த குரல், சில நாள் பின்னால் குக்கர் சத்தம், ஒன்றில் மழை. இறந்துபோன மனைவி என்று நான் கேட்காமலே புரிந்துகொண்டேன். நிறுத்தட்டுமா என்றேன். வேண்டாம் என்று கையை அசைத்தார். முப்பதாவது பதிவு வாக்கில்தான் கவனித்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் அவர் மெதுவாக, உதடு மட்டும் அசைய, பதில் சொல்லிக்கொண்டிருந்தார். "ஸ்டேஷன்ல." "கடையில." "இதோ, வந்துட்டேன்."

கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தேவராஜ் அண்ணனுக்கு என் அறையில் நடப்பது எல்லாம் கேட்கும். பாதிப் படிவரை ஏறி வந்து கத்தினார்: "இன்னா தங்கச்சி, அந்தம்மா எம்மா நேரமா கூப்டுகினே கீது! எங்க கீறேன்னு யாராச்சும் சொல்லித் தொலைங்களேன்!"

கோடு

வியாழன் காலை நூம்பல் டிஸ்க்கின் தேடல் முடிந்தது. ஆயிரக்கணக்கில் படங்கள். பெரும்பாலும் குப்பை. விளம்பரங்கள், பொத்தான்கள், யாருடைய செல்போன் பில்லோ. பவானி போனில் அனுப்பியிருந்த வாக்காளர் அட்டைப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்தேன். கலைக்கு இடது புருவத்தின் மேல் சின்னத் தழும்பு உண்டு. எனக்கு அதுதான் அடையாளம்.

முழுதாக வந்தவை பதினொன்று. பாதியாக வந்தவை எழுபத்து மூன்று.

பாதி என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். ஒரு படம் டிஸ்க்கில் துண்டு துண்டாகத்தான் இருக்கும். மேல்பகுதிக்குரிய துண்டுகள் தப்பித்து, கீழ்ப்பகுதிக்குரிய வீட்டில் வேறு படம் குடிவந்திருந்தால், திரையில் ஒரு கோடு விழும். கோட்டுக்கு மேலே பழைய படம் இருக்கும். கீழே சாம்பல் நிறம், அல்லது பச்சையும் ஊதாவுமாகப் பட்டைகள். ஒன்றில் கூரை, முருங்கை மரம், மாலை வெயில் எல்லாம் துல்லியமாக இருக்கிறது. அவள் நிற்க வேண்டிய இடத்தில் உச்சி வகிடு வரைக்கும்தான் இருக்கிறது. இன்னொன்றில் நெற்றி. இன்னொன்றில் கண்கள் வரை. தழும்பை வைத்து அடையாளம் கண்டு, அடுத்தது, அடுத்தது என்று போய்க்கொண்டிருந்தேன். யாரோ கிணற்றுக்குள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்துகொண்டிருப்பது போல இருந்தது.

நாற்பத்தொன்றாவது படத்தில் முழு முகம் வந்தது.

அட, இது தப்பித்துவிட்டதே என்று முழுதாக வந்தவை இருக்கும் ஃபோல்டருக்கு மாற்றப் போனேன். புருவத்துக்கு மேல் தழும்பு இருந்தது. கண்கள் கலையின் கண்கள். மூக்கின் நடுவே, மயிரிழை போல ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே உதடு, தாடை, கழுத்தில் கல்யாண மாலை. உதட்டில் சிரிப்பு. அந்த உதட்டை நான் செவ்வாய்க்கிழமை பார்த்திருந்தேன். இரண்டு படங்களும் ஒரே அளவில், ஒரே பக்கம் திரும்பிய முகமாக, வரி தவறாமல் ஒட்டியிருந்தன. கீழ்ப்பாதியில் லேசாகப் பச்சை அடித்திருந்தது. அதுவும் இல்லையென்றால் நான் கோட்டைக் கவனித்திருக்கவே மாட்டேன். இருபது வருடத்தில் கோணல் கோணலாக ஒட்டியவை நிறையப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒட்டியது பார்த்ததில்லை. எழுந்து போய் ஜன்னலோரம் நின்று கீழே பஸ் போவதைக் கொஞ்ச நேரம் பார்த்தேன்.

பேப்பர் கட்டு கேட்க மேலே வந்த தேவராஜ் அண்ணன் திரைமுன் குனிந்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். அவருக்கு எதையும் சத்தமாகத்தான் சொல்லத் தெரியும். அன்று மட்டும் கிசுகிசுத்தார்: "தங்கச்சி, இதுல ரெண்டு பேர் கீறாங்க."

ஒரு வார்த்தை

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் பவானி வேலையிலிருந்து நேராக வந்தாள். மீட்டதை வாடிக்கையாளர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டால்தான் நான் வெளியே கொடுப்பேன். அது என் கடை வழக்கம். இரண்டு ஃபோல்டர் வைத்திருந்தேன். ஒன்றின் பெயர் 'முழுசு', இன்னொன்றின் பெயர் 'தேறாதது'.

பதினொரு படங்களையும் இரண்டு தடவை பார்த்தாள். "போதும்க்கா, பதினொண்ணு இருக்கே" என்று முகம் மலர்ந்தாள். பிறகு தேறாததையும் பார்க்க வேண்டும் என்றாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். பார்த்தாள். நாற்பத்தொன்றில் நின்றுவிட்டாள். தன் தாடையை ஒரு கையால் மூடிக்கொண்டு, மேலே இருக்கும் கண்களைப் பார்த்தபடி இருந்தாள்.

"இத அழிச்சிடுங்கக்கா. பாப்பா பாத்தா, ராணி அண்ணி சொன்னது நெசம்னு ஆயிடும்."

என் விரல் அந்தப் பொத்தானின் மேல்தான் இருந்தது. ஆனால் அழித்தது எங்கே போகும் என்று தெரிந்தவளுக்கு அழிப்பது அவ்வளவு சுலபமில்லை. அழிக்கவில்லை, திறக்காமல் ஓரமாக வைக்கிறேன் என்று சொன்னேன். பிறகு அவள் முதலில் கேட்ட தாளை எழுதினேன். அவள் அழிக்கவில்லை என்று எழுத முடியாது. பலகையிலிருந்து பெயரை எடுத்தது ரிப்பேர்காரர். ஆனால் வீட்டுக்குள் இருந்தவர்களை வெளியேற்றியது அவளுடைய கல்யாணப் படங்கள். பொய்யில்லாமல் நான் எழுதக்கூடியது ஒரு வரிதான். 'இந்த டிஸ்க்கில் படங்கள் வேண்டுமென்றே அழிக்கப்பட்டதற்கான தடயம் இல்லை.' தேதி போட்டு, முத்திரை வைத்துக் கொடுத்தேன்.

பவானி எழுத்துக் கூட்டிப் படிப்பது போல மெதுவாகப் படித்தாள். பிறகு தாளை என் பக்கம் திருப்பி, ஒரு இடத்தில் விரலை வைத்தாள்: "இந்த 'வேண்டுமென்றே' மட்டும் எடுத்துடுங்கக்கா. அவங்க அதைத்தான் புடிச்சிக்குவாங்க."

சனிக்கிழமை

நான் எடுக்கவில்லை. அவர்களும் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை காலை பவானி, ராணி, மது மூவரும் வந்தார்கள். ராணிக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். வேலப்பன்சாவடியில் டிபன் கடை நடத்துகிறவர், உரத்த குரல். தாளை வாங்கி, கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் படித்தார். "வேணும்னே அழிக்கலயாம்! அப்ப வேணாம்னு அழிச்சாளாம்மா? நல்லா எழுதிக் குடுக்கிறீங்க, முத்திர வேற."  மது இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

பதினொரு படங்களையும் காட்டினேன். முதல் படத்திலேயே ராணியின் குரல் உடைந்துவிட்டது. "கலை... இந்தப் பொடவ நான் எடுத்துக் குட்த்ததுடி" என்று திரையைப் பார்த்துப் பேசினார். நடிப்பில்லை. அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. மது அழவில்லை. யாரோ விருந்தாளியின் ஆல்பத்தைப் பார்ப்பது போல மரியாதையாகப் பார்த்தாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அந்தச் சட்டை என்னுதா?" ஆமாம் என்று அத்தை சொன்னதும் தலையாட்டிக்கொண்டாள். மூன்று வயதில் பார்த்த முகம். இத்தனை நாள் அந்த மூலையில் அவள் தேடியது இந்தப் பதினொன்றில் இல்லை என்பது தெரிந்தது.

ராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையின் ஓரத்தைக் காட்டினார். "அது இன்னா, தேறாதது?"

"சேதமானது. பார்க்கிற மாதிரி இருக்காது" என்றேன்.

"கலைதானே? தொறங்க."

நான் பவானியைப் பார்த்தேன். நான் மறுத்திருப்பேன், அவள் கண் காட்டியிருந்தால் போதும்.  அவள் எழுந்து வந்து, என் கையிலிருந்து மவுஸை வாங்கி, அவளே திறந்தாள்.

கூரை. முருங்கை மரம். வகிடு. நெற்றி. சாம்பல்.  கீழே ஜெராக்ஸ் இயந்திரம் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. நாற்பத்தொன்று வந்ததும் பவானி நகர்த்துவதை நிறுத்திவிட்டாள்.

"பாத்தியா மது!" என்றார் ராணி. "கண்ணால பாத்துக்கோ. உங்கம்மா மூஞ்சி மேலயே வந்து குந்திகினு கீறா பாரு!"

மது ஸ்டூலிலிருந்து இறங்கித் திரையருகே வந்தாள். உள்ளங்கையால் படத்தின் மேல்பாதியை மூடிப் பார்த்தாள். பிறகு கீழ்ப்பாதியை மூடிப் பார்த்தாள். கையை எடுத்துவிட்டு முழுதாகப் பார்த்தாள். அவள் முகத்தில் முதல் தடவையாக அடையாளம் கண்ட ஒரு மலர்ச்சி தெரிந்தது, பஸ் ஸ்டாண்டுக் கூட்டத்தில் நம் ஆளைக் கண்டுபிடித்தால் வருமே, அது போல. யாரையும் திரும்பிப் பார்க்காமல், சாதாரணமாகச் சொன்னாள்: "இவங்கள எனக்குத் தெரியும். நான் தூங்கினதும் வர்றது இவங்கதான்."

இருபது வருட அனுபவத்தில் நான் பிரித்து வைத்த கணக்குப்படி அது தேறாத படம். மது அதைத்தான் பிரிண்ட் போடக் கேட்டாள்.